சிவப்புப் பேனாவின் கடைவாய்ப்பல்

ஓட்டுநர் உரிமம் வாங்க வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் வண்டியை உருட்டும் அழகைப் பார்த்து, தேறினவர் யார் தேறாதவர் யார் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவளுடைய உத்தியோகம். பதினெட்டு வருடமாக அதே வேலை. அவளுக்கென்று சொந்தமாக ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் ‘சிவப்புப் பேனா’. தேர்வுக்கு வருகிறவர்களிடம் அவள் பேசுவதே மூன்று வார்த்தைதான். ‘எடுங்க’, ‘திருப்புங்க’, ‘நிறுத்துங்க’. நான்காவதாக ஒன்று வந்தால் அது ‘இறங்குங்க’. அதைக் கேட்டவர் அடுத்த மாதம் மறுபடி வரவேண்டியதுதான்.

இப்படி ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையில் எழுதுகிறவள், தன் வாய்க்குள் மூன்று வருடமாக ஒன்று நடந்துகொண்டிருந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கீழ்த்தாடையின் கோடியில் விண்விண்ணென்று தெறிக்கும். ஈறு வீங்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பாள், மாத்திரை போடுவாள். நாலு நாளில் அடங்கிவிடும். “போயிடுச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

அவள் கணவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். வாயாடி மனிதர். வீட்டில் அவள் பேசாமல் விடும் வார்த்தைகளையும் சேர்த்து அவரே பேசித் தீர்ப்பார். தான் சுட்ட ரொட்டியின் ஓரங்களை மனைவி பிய்த்துப் பிய்த்துத் தட்டோரம் ஒதுக்குவதைப் பார்த்தவர், ரொட்டிதான் முறுகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து ஒரு மாதம் அடுப்பின் சூட்டைக் குறைத்து வைத்தார். வேகாத ரொட்டி என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். அப்போதும் அவள் வாயைத் திறந்து காரணம் சொல்லவில்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அன்றைக்கு எழுந்தபோதே அவள் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. இடது கன்னம் கல் மாதிரி கிடந்தது. விடுப்பு எடுக்கும் பழக்கம் இல்லாததால் வேலைக்குப் போய்விட்டாள். முதல் ஆளாக வந்தவர் ஒரு முடிதிருத்துநர். மூன்றாவது வளைவு வரைக்கும் ஒழுங்காகத்தான் ஓட்டினார். அதன்பிறகு சாலை நடுவில் இருந்த தடுப்பை நோக்கி நேராகப் போனார். அவள் ‘நிறுத்துங்க’ என்று சொல்ல வாயெடுத்தாள். வாய் திறந்தால்தானே! “ம்ம்ம்” என்றுதான் வந்தது.

“சரிங்க மேடம்” என்று அவர் இன்னும் அழுத்தமாக மிதித்தார்.

அவள் தன் பக்கத்து பிரேக்கைக் காலால் உதைப்பதற்குள் முன்சக்கரம் தடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முடிதிருத்துநர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அவள் பக்கம் திரும்பி, “பாஸா மேடம்?” என்று கேட்டார்.

அன்று பிற்பகலே கணவர் அவளைத் தெருக்கோடிப் பல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். அங்கே எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் பல் மருத்துவர் உச்சுக் கொட்டினார். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைசிப் பற்கள், மேலே வர வழியில்லாமல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடந்தன. அதிலும் இடதுபக்கத்தது நல்ல ஆழம்.

“இதுக்கு ஞானப்பல்னு பேரு. உங்களுக்கு ரெண்டும் வெளிய வரவே இல்ல” என்றார்.

“ஞானம் பூரா உள்ளயே தங்கிடுச்சா டாக்டர்?” என்று கணவர் கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அடங்கிப் போனார்.

“விளையாட்டு இல்லீங்க. மறுபடி மறுபடி சீழ் கட்டும். முன்னாடி இருக்கிற நல்ல பல்லோட வேரையும் இது அரிச்சுக்கிட்டிருக்கு. எடுத்துத்தான் ஆகணும். ஆனா இது என் கையில ஆகாது. பெரிய ஆஸ்பத்திரியில தாடை அறுவை டாக்டர் இருக்காரு, அவருக்கு எழுதித் தரேன். வேலை சுத்தமா இருக்கும்.”

மருந்து சாப்பிட்டு வீக்கம் வடிந்து, பத்து நாள் கழித்து அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறைக்கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த இளம் டாக்டர் விருட்டென்று எழுந்து நின்றார். நோயாளியைப் பார்த்து டாக்டர் எழுந்து நிற்பது எந்த ஊரில் உண்டு? கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. நெற்றியின் ஓரத்தில் இருந்த அந்த மச்சத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் மூன்று முறை தேர்வுக்கு வந்து மூன்று முறையும் அவளிடம் தோற்றுப்போன ஆள். கடைசி முறை பின்பக்கமாக வண்டியை எடுக்கும்போது, நட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பை இடித்துத் தள்ளிவிட்டு, அந்தக் கூம்பிடமே “சாரி” சொன்னவர். காகிதத்தில் அவள் சிவப்பு மையில் எழுதியதும் நினைவுக்கு வந்தது: ‘கை நடுங்குகிறது.’

“உக்காருங்க மேடம்” என்றார் டாக்டர். ஏதோ அவர்தான் வைத்தியத்துக்கு வந்தவர் போல் இருந்தது குரல்.

அவள் உட்கார்ந்தாள். படத்தைத் திரையில் போட்டு அவர் விளக்கியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மேசைமேல் இருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் கடையில் கணவர் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வந்து நின்று, “அந்த ஆளு வேண்டாங்க” என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

அவர் மாவுக் கையோடு சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “வேற டாக்டர் யாராவது இருக்காங்களான்னு கேட்டுப் பாக்கறேன்.”

கேட்டார். இன்னொருவர் இருந்தார், ஆனால் ஆறு மாதம் வெளியூர்ப் படிப்பில் இருந்தார். அதற்குள் தாடை இன்னொரு தரம் வீங்கிவிட்டது. இந்த முறை காய்ச்சலும் சேர்ந்து வந்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. யாரையும் ஓட்டவிட்டுப் பார்க்காமல் அவள் மதிப்பெண் போட்டதில்லை. இவரிடம் மட்டும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எழுந்து வந்தது என்ன நியாயம்?

மறுபடி போனாள். உட்கார்ந்ததும் நேராகவே கேட்டாள். “டாக்டர், உங்க கை நடுங்குமே?”

கணவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. டாக்டருக்குக் காது சிவந்தது. ஆனால் கோபப்படவில்லை.

“உங்க பக்கத்துல உக்காந்தா நடுங்கும் மேடம். இங்க நடுங்கினதில்ல.”

“இந்த மாதிரி எத்தனை பல்லு எடுத்திருக்கீங்க?”

“இவ்வளவு ஆழத்துல நூத்து நாப்பது சொச்சம்.”

“எத்தனை தப்பாப் போச்சு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். மழுப்பவில்லை. “தப்புன்னு சொல்றதை விட, பக்கவிளைவு. எட்டுப் பேருக்கு உதடு மரத்துப்போச்சு. ஏழு பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடுச்சு. ஒருத்தருக்கு இன்னும் முழுசா வரல. அவர் இப்பவும் என்கிட்டதான் வந்துக்கிட்டிருக்காரு.” படத்தில் இடது பல்லின் வேரை ஒட்டி ஓடிய ஒரு மெல்லிய கோட்டைப் பேனா முனையால் தொட்டார். “இதுதான் உதட்டுக்கும் மோவாய்க்கும் போற நரம்பு. உங்க வேர் இதும்மேல சாஞ்சு கிடக்கு. வலது பக்கம் பிரச்சினை இல்ல. இடதுல நான் நிதானமாப் போவேன். ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு வாக்குக் குடுக்க முடியாது.”

அந்த ஒருவருக்கு இன்னும் வரவில்லை என்று சொன்னாரே, அதுதான் அவளுக்குப் பிடித்தது. தேதி குறித்துக்கொண்டாள். முழு மயக்கம் கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு மட்டும் மறுத்துத் தலையை ஆட்டினாள். “வேண்டாம். என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்.” படபடப்பு அடங்க லேசான மருந்தும், மரத்துப்போக ஊசியும் போதும் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்துக் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, மோவாய் வரை பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். நர்ஸ் வயதில் மூத்தவள், நிதானமானவள். “வலிச்சா இடது கையைத் தூக்குங்கம்மா, பேச முயற்சி பண்ண வேண்டாம்” என்றாள். ஊசி போட்டதும் நாக்கு தடித்து, உதடு யாருடையதோ போல் ஆனது.

“எடுக்கறேன் மேடம்” என்றார் டாக்டர்.

முதலில் வலது பக்கம். ஈறு கீறப்பட்டது அவளுக்குத் தெரியவில்லை. எலும்பைக் கொஞ்சம் குடைந்து பல்லுக்கு வழிசெய்யும் சத்தம் மட்டும் மண்டை முழுக்கக் கேட்டது. “இப்ப அழுத்தம் தெரியும்… இப்ப ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க, பல்லை ரெண்டாப் பிளக்கறேன்” என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போனார். டக் என்று ஒரு சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. இருபது நிமிடத்தில் தட்டில் இரண்டு துண்டு விழுந்தது. தையல் போட்டார்கள்.

இடது பக்கம் அப்படிப் போகவில்லை. ஆழத்தில் இருந்த பல்லை நான்கு துண்டாக வெட்ட வேண்டியிருந்தது. மேல்பாகம் வந்தது. ஒரு வேர் வந்தது. இரண்டாவது வேரை நெம்பும்போது அவர் கை சட்டென்று நின்றது.

“ஒரு நிமிஷம்” என்றார்.

அந்த ஒரு நிமிடம் அவளுக்குப் பெரிய நிமிடம். விளக்கு வெளிச்சத்தில் முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. கையைப் பார்த்தாள். வாய்க்கு மேலே கருவியோடு அந்தரத்தில் நின்ற கை, ஆணி அடித்து வைத்தது போல் அசையாமல் நின்றது. நர்ஸும் மூச்சுவிடுகிற மாதிரி தெரியவில்லை.

“வேரோட நுனி ஒடஞ்சு அங்கேயே நிக்குது மேடம். அரிசியில பாதி இருக்கும். அதுக்குக் கீழதான் நரம்பு. எனக்குக் கண்ணுக்குத் தெரியுது.” குரலில் அவசரம் இல்லை. “எடுக்கலாம். ஆனா எடுக்கப் போனா நரம்புல இடிக்கும். அந்த நுனியில சீழ் கீழ் ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு. விட்டா எலும்பு அதை மூடிக்கும். நான் விட்டுடறேன்.”

அவளுக்கு வாய் நிறையக் கருவிகள். சரி என்று சொல்ல வழியில்லை. வலது கையின் கட்டைவிரலை மட்டும் போர்வைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பதினெட்டு வருடத்தில் அவளிடம் தோற்றவர்களில் முக்கால்வாசிப் பேர், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியாதவர்கள்தான். இந்த ஆள் நிறுத்திவிட்டார். அவளுக்கு அப்போதே பாதிப் பயம் போய்விட்டது.

வெளியே வந்தபோது கணவர் காத்திருப்போர் பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு தபால்காரருக்கு அவள் வாழ்க்கை வரலாற்றையே சொல்லி முடித்திருந்தார். இரண்டு கன்னமும் புடைக்க, வாயில் பஞ்சைக் கடித்தபடி வந்தவளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார். “என்னடா இது, ரெண்டு பன்னு வெச்ச மாதிரி ஆயிட்ட” என்றார்.

வீட்டில் அடுத்த நான்கு நாளும் ஐஸ் ஒத்தடமும் ஆறின சூப்பும்தான். பேசக்கூடாது என்பதால் அலுவலகக் காகிதங்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். கையில் கிடைத்தது சிவப்புப் பேனாதான். ‘சூப்பில் உப்பு இல்லை.’ ‘ஜன்னலைச் சாத்துங்க.’ ‘பாட்டு வேண்டாம்.’

“கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷத்துல இப்பத்தான் நான் பெயிலாகறது எழுத்துல வருது” என்றார் கணவர்.

சிரித்தால் தையல் இழுத்தது. ஆனால் அவள் அவரிடம் எழுதிக் காட்டாத விஷயம் ஒன்று இருந்தது. உதட்டின் வலது பக்கத்துக்கு, அறுவை நடந்த அன்று சாயங்காலமே குறுகுறுவென்று உயிர் வந்துவிட்டது. இடது பக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கீழுதட்டின் இடது பாதியும் மோவாயும் மரக்கட்டையாகவே இருந்தன. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஊசிமுனையால் மெதுவாகக் குத்திப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவளைக் குத்தியது போல் இருந்தது.

ஏழாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் பஞ்சுத் திரியால் மோவாயைத் தொட்டுக்கொண்டே வந்தார். “தெரியுதா? இங்க? இங்க?” எங்கேயும் தெரியவில்லை. கூட வந்திருந்த கணவருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது.

டாக்டர் ஒரு மைப்பேனாவை எடுத்து, உணர்வு எங்கே முடிகிறதோ அங்கே எல்லைபோல மோவாயில் கோடு போட்டார். படம் எடுத்து வைத்துக்கொண்டார். “நரம்பு அறுபடல, நான் பாத்தேன். அழுத்தம் பட்டிருக்கு. வாரங்கள் ஆகலாம், மாசங்களும் ஆகலாம். அதுவரைக்கும் ரொம்பச் சூடா எதையும் குடிக்காதீங்க, சுட்டாத் தெரியாது. ஆறு வாரத்துக்கு எதையும் கடினமாக் கடிக்கவும் வேண்டாம், வாயை அகலத் திறக்கவும் வேண்டாம். தாடை எலும்பு கெட்டிப்படணும்.”

“வந்துடுமா?” என்று கேட்டாள். அவள் இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. தேர்வுக்கு வந்தவர்கள்தான் அவளிடம் கேட்பார்கள்.

“வரும்னுதான் நம்பறேன் மேடம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நான் எங்கேயும் போகப்போறதில்ல.”

பத்து நாளில் வேலைக்குத் திரும்பினாள். தேநீர் குடித்தால் இடது கடைவாயில் வழிவது அவளுக்குத் தெரியாது. சட்டைக் காலரில் விழுந்த பிறகே தெரியும். அதனால் கைக்குட்டையை எப்போதும் வாயோரம் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். சிவப்புப் பேனா இப்போதெல்லாம் சிரிப்பை மறைத்துக்கொண்டு உட்காருகிறாள் என்று வரிசையில் நின்றவர்களுக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. அந்த மாதம் பலருக்குப் பதற்றம் குறைந்து, வழக்கத்தைவிட அதிகம் பேர் தேறினார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது பேருந்துக் கண்ணாடியில் உதட்டைப் பார்ப்பாள். வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்பார். “இன்னும் இல்ல” என்பாள். “சரி மேடம்” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரொட்டிக்கடையின் பின்கட்டில் சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மோவாயில் எறும்பு ஊர்ந்தது. கையால் தட்டிவிட்டாள். மறுபடி ஊர்ந்தது.

“என்னங்க, இங்க எறும்பு!” என்று குரல் கொடுத்தாள்.

கணவர் ஈரத்துணியோடு ஓடிவந்து சர்க்கரை மூட்டையைப் புரட்டினார், அலமாரிக்குக் கீழே குனிந்து பார்த்தார். “எங்கே? ஒண்ணும் காணோமே.”

“என் மேல ஏறுதுங்க, இதோ…” என்று மோவாயைத் தொட்டவள் கையை அப்படியே நிறுத்தினாள். விரலில் எறும்பு இல்லை. ஆனால் விரல் படுவது தெரிந்தது. தெளிவாக இல்லை, ஒரு கம்பளிக்கு வெளியே யாரோ தொடுவது போல. இன்னொரு தரம் தொட்டாள். நகத்தால் கீறினாள்.

“எறும்பு இல்லைங்க” என்றாள்.

“அதைத்தான் நானும் சொல்றேன், ஒண்ணையும் காணோம்.”

“ஐயோ, எறும்பு இல்லைங்க! எறும்பே இல்ல!” என்று சொல்லிவிட்டு பட்டாணியெல்லாம் சிதற எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தாள், கண்ணில் நீர் கொட்டியது. அவருக்கு விஷயம் பிடிபட இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் மாவுக் கையால் அவள் மோவாயைத் தொட்டு, “இது தெரியுதா? இது? இது?” என்று டாக்டரைவிட அதிகமாகச் சோதனை செய்து, முகம் பூராவும் மாவாக்கிவிட்டார்.

மறுநாள் டாக்டர் பஞ்சுத் திரியை எடுத்தார். கண்ணை மூடச்சொல்லித் தொட்டுக்கொண்டே வந்தார். அவள் “ம், ம்” என்று சொல்லச் சொல்லப் பழைய எல்லைக்கு உள்ளே தள்ளி, புதிதாக ஒரு கோடு போட்டார். மரத்துக் கிடந்த இடம் இப்போது பழையதில் பாதிகூட இல்லை. இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் மிச்சமும் வந்துவிடும் என்றார். சொல்லிவிட்டு, பஞ்சைக் கீழே வைக்க மறந்து, தன் நாற்காலிக்குப் போகாமல் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அஞ்சு வாரமா சாப்பாடு ருசிக்கல மேடம்” என்றார்.

“எனக்கும்தான்” என்றாள் அவள். “ஆனா எனக்கு நீங்க சூப்புத்தானே எழுதிக் குடுத்தீங்க.”

மூத்த நர்ஸ் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தாடையை அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு கெட்டிப்பட்டுவிட்டது, இனி வாயை எவ்வளவு வேண்டுமானாலும் திறக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

வெளியே வந்து கணவனும் மனைவியும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் இதமாக இருந்தது. முந்தின நாள் சந்தோஷத்தில் இரண்டு பேருமே சரியாகத் தூங்கவில்லை. அவளுக்குக் கொட்டாவி வந்தது. பழக்கதோஷத்தில் பாதியில் அடக்கப் போனவள், அடக்கவில்லை. வாயை ஆ என்று பிளந்து, தோள்கள் உயர, கண்ணோரம் நீர் துளிர்க்க, நிதானமாக, முழுசாக ஒரு கொட்டாவி விட்டாள். எங்கேயும் வலிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கணவருக்கும் உடனே தொற்றிக்கொண்டது. அவரைப் பார்த்து, கூடையோடு நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாளும் வாயைப் பிளந்தாள்.